வீட்டுக்காரர் காலி பண்ணச் சொல்கிறார்

சிரிப்பு நாலு மணிக்குத்தான். அதற்கு முன்னால் ஒரு சொட்டுகூடக் கிடையாது என்று பொன்சுதா தன் வாயிடம் கறாராகச் சொல்லி வைத்திருந்தாள். கேட்கிற வாயா அது? மிக்சி ஓடினால் மிக்சியாக ஓடும். மாரியம்மன் கோயில் மைக் கரகரத்தால் தானும் கரகரக்கும். பன்னிரண்டாம் வகுப்பில் பௌதிக வாத்தியார் "அதாவது பாருங்க" என்று ஆரம்பித்தால், கடைசி பெஞ்சிலிருந்து இன்னொரு பௌதிக வாத்தியார் அதே இருமலோடு "அதாவது பாருங்க" என்பார். அந்த வாயை இன்றைக்கு, இந்த ஞாயிற்றுக்கிழமை, இன்னும் முக்கால் மணி நேரம் மூடி வைத்திருக்க வேண்டும். மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டியின் நிழலில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். ஆனி மாதக் காற்று துணிக்கொடியில் கிடந்த பனியன்களை உப்ப வைத்து விளையாடிக்கொண்டிருந்தது. தொடைமேல் ஒரு பழைய பட்டன் போன், கூடப் படிக்கிற ரெஜினா இரவல் கொடுத்தது. நாலு மணிக்கு அதில் அப்பா கூப்பிடுவார். மகளை அல்ல, கோயம்புத்தூர் வக்கீல் சர்வோத்தமனை. கூப்பிட்டு, கடைசியாக ஒரு முறை தைரியம் வாங்கிக்கொண்டு, முன்வீட்டு மாடிக்குப் போய் வீட்டுக்காரர் நாச்சிமுத்து முன்னால் நிற்பார். நின்று, 'இந்த மாதத்துக்குள் காலி பண்ண முடியாது' என்று சொல்வார். இல்லாவிட்டால் சட்டைப்பையில் கிடக்கும் சாவியை எடுத்து மேசைமேல் வைத்துவிட்டு வருவார். இரண்டில் எது என்பது சர்வோத்தமன் கையில் இருந்தது, அதாவது அவள் தொண்டையில். அதனால்தான் செவ்வாய்க்கிழமை நடந்ததை இப்போது நினைக்கக் கூடாது. நினைத்தால் சிரிப்பு வரும். சிரித்தால் குரல் உடையும். குரல் உடைந்தால் வீடு போச்சு. செவ்வாய்க்கிழமையே, நீ அப்படி ஓரமாகப் போய் உட்கார்.

வேறு எதையாவது நினை. சர்வோத்தமனை நினை. அவர் பிறந்ததே ஐந்து நொடியில்தான். வீட்டுக்காரர் வந்து சொல்லிவிட்டுப் போன அன்று சாயங்காலம் அப்பா பரணிலிருந்து அட்டைப்பெட்டிகளை இறக்க ஆரம்பித்துவிட்டார். "ஏம்ப்பா, அவரு சொன்னா உடனே கெளம்பிரணுமா? சட்டம்னு ஒண்ணு இருக்குல்லா?" என்று கேட்டதற்கு, "ஏட்டி, செல்போன்ல நீ பாக்கதெல்லாம் சட்டமாயிருமா? வெளங்குன ஆளு யாராச்சும் சொல்லட்டும், கேக்கேன்" என்றார் அப்பா. வெளங்குன ஆளு. அந்த வார்த்தை அவளைக் குத்திற்று, அதே வார்த்தைதான் வழியும் காட்டிற்று. ரெஜினாவுக்கு ஒரு மாமா இருக்கிறார், வக்கீல், போனிலேயே இலவசமாகச் சொல்வார் என்று புளுகி, மறுநாள் இதே தொட்டி நிழலிலிருந்து கூப்பிட்டாள். முந்தின நாள் புளுகும்போதே பேர் என்னவென்று அப்பா கேட்டபோதுதான் பேரே வைக்கவில்லை என்பது உறைத்தது. பஸ் ஸ்டாண்டுக்குப் போகிற வழியில் என்றைக்கோ பார்த்த ஒரு போர்டிலிருந்து சர்வோத்தமன் குதித்து வந்தார். பௌதிக வாத்தியாரின் இருமல், பாங்கு போனில் வருகிற 'தயவு செய்து காத்திருக்கவும்' அம்மாளின் நிதானம், நாச்சிமுத்துவின் சொந்த 'ங்க', மூன்றையும் அடித்துக் கலக்கியதில் நல்ல கனமான ஒரு வக்கீல் கிடைத்தார். "வணக்கமுங்க. வெள்ளைப்பாண்டிங்களா? சர்வோத்தமன் பேசறேனுங்க." அதைச் சொன்னபோது கைப்பிடிச் சுவரின் ஓட்டை வழியே அப்பாவைப் பார்த்தாள். பார்த்திருக்கக் கூடாது. வாசற்படியில் உட்கார்ந்திருந்த மனுஷன் விருட்டென்று எழுந்து, மடித்துக் கட்டியிருந்த சாரத்தை இறக்கிவிட்டு, ஸ்பீக்கரில் போட்டுப் படிமேல் வைத்த போனுக்கு முன்னால் கைகட்டி நின்றார். போனுக்கு! பனியன் கம்பெனியில் இருபது வருஷமாக அயர்ன் மாஸ்டர், அந்தச் சூட்டில் வெந்த கை, அது ஒரு பட்டன் போனுக்குப் பணிந்து நின்றது. அவளுக்குக் குபுக்கென்று சிரிப்பு வந்தது. பாதி வந்தது, மீதி வழியிலேயே எதிலோ மாட்டிக்கொண்டது. இன்னும் மாட்டிக்கொண்டுதான் இருக்கிறது. எச்சிலை விழுங்கினால் தட்டுப்படுகிறது.

அதையும் நினைக்க வேண்டாம். சட்டத்தை நினை, அதில் சிரிப்பும் கிடையாது அழுகையும் கிடையாது. நாச்சிமுத்து சொன்னதில்தான் ஒரு கணக்கு இருந்தது. "ஆடி பொறந்துட்டா நீங்களும் நகர மாட்டீங்க பாண்டி, ஊரு வழக்கம் அது. ஆனிக்குள்ள சாவியக் குடுத்துருங். நாலு வீட்டையும் இடிச்சுப்போட்டு குடோன் கட்டறோமுங்." நாலு வீடு என்றால் ஒரே காம்பவுண்டுக்குள் ஒட்டி நிற்கிற நாலு லைன் வீடு. மற்ற மூன்று வீட்டுக்காரர்களும்... சீ, மூன்று குடித்தனக்காரர்களும் சரிங்க என்று தலையாட்டிவிட்டார்கள். பார், அந்த வார்த்தை. வீட்டுக்காரர். அதன் பக்கத்தில் போகாதே. செவ்வாய்க்கிழமை அதற்குள்தான் ஒளிந்திருக்கிறது. சட்டம் என்று ஆரம்பித்தாயே, அதைச் சொல்லு. சட்டத்தைத் தேடிய கதை அப்பாவின் ஊர்ப்பக்கத்துச் செம்மணல் தேரிக்காட்டில் ஊசியைத் தேடிய கதைதான். போனில் தமிழில் தட்டினால் 'நிலக்கிழார்' என்று வந்தது. நாச்சிமுத்துவைத் தலைப்பாகையோடு யானைமேல் வைத்துப் பார்த்தாள், பொருந்தவில்லை. மனுஷன் இன்னும் பழைய மொபெட்டில்தான் வருகிறார். இங்கிலீஷில் தட்டினாள். பொடி எழுத்தில் பக்கம் பக்கமாக வந்தது. பரீட்சைக்குப் படிப்பதுபோல ரஃப் நோட்டில் ஒன்றரைப் பக்கம் எழுதி, வியர்த்து, நிமிர்ந்து, மேலே பார்த்தால் அது மகாராஷ்டிரா சட்டம். மகாராஷ்டிராவில் வாடகைக்குப் போனால் நிம்மதியாக இருக்கலாம் போல என்று அந்தப் பக்கங்களைக் கிழித்தாள். பிறகு நம் ஊர்ச் சட்டமே அகப்பட்டது. அதில் பழையது ஒன்று, அதை ரத்து செய்த புதியது ஒன்று. ஒரு வீடியோவில் கண்ணாடி போட்ட அண்ணன் ஒருவர் "வீட்டு ஓனரா நீங்க? கவலைப்படாதீங்க!" என்று தேற்றினார். எல்லாரும் ஓனரையே தேற்றினார்கள். கடைசியில் ஒரு இலவச சட்ட உதவி எண் கிடைத்தது. அதைச் சுழற்றிய நாள்... சரி. சரி. வந்துவிட்டது. தண்ணீர் நிறைந்த குடத்தை எத்தனை நேரம்தான் இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்பது? நாலு மணிக்கு இன்னும் இருபது நிமிஷம் இருக்கிறது. இப்போதே சிரித்துத் தொலைத்துவிட்டால் அப்போது வராது.

செவ்வாய்க்கிழமை மத்தியானம். பள்ளிக்கூடத்துக்கு மட்டம். சின்னப்பெண் பேசினால் வைத்துவிடுவார்களோ என்று அம்மாவின் குரலைப் போட்டுக்கொண்டாள். மூக்கு கொஞ்சம், இழுவை கொஞ்சம், ஊர்ப்பேச்சு முழுசாக. அந்தப் பக்கம் ஒரு பெண் குரல், தன்மையான குரல், சொல்லுங்கம்மா என்றது. "எங்க வீட்டுக்காரர் எங்கள வீட்ட விட்டு வெளிய போகச் சொல்லுதாருங்க." அந்தப் பக்கம் ஒரு பேனா மூடி திறக்கிற சத்தம். "அழாதீங்கம்மா. அடிக்கிறாரா?" அழவே இல்லையே என்று நினைத்துக்கொண்டே, "இல்லங்க, தண்ணிதான் விட மாட்டேங்காரு" என்றாள். "தண்ணியா? குடிப்பாரா?" "அது தெரியலிங்க. மாசம் ஒருநாள்தான எங்க வீட்டுக்கு வாராரு." "மாசம் ஒரு நாளா! மத்த நாளெல்லாம்?" "முன்னால மாடி வீடு இருக்குல்லா, அங்க. அவரு பொண்டாட்டி கூட." அந்த இடத்தில் போனில் ஒரு மௌனம் விழுந்தது. அந்த மௌனத்தில்தான் பொன்சுதாவுக்கு விளங்கியது. வீட்டுக்காரர் என்றால் வீட்டுக்காரர். ஊர் உலகத்தில் எந்தப் பெண் சொன்னாலும் முதலில் அது புருஷன்தான். இங்கே நிறுத்தியிருக்கலாம். நல்ல பிள்ளையாக, 'ஐயோ, ஓனருங்க, ஓனர்' என்று திருத்தியிருக்கலாம். வாய் விடவில்லை. "அந்த இன்னொருத்தங்களப் பத்தி உங்களுக்கு எத்தன வருஷமா தெரியும்மா?" என்று அந்தக் குரல் மெல்லக் கேட்க, "குடிவந்த நாள்லருந்தே தெரியும். தங்கமான அம்மா. பொங்கலுக்கு முறுக்கெல்லாம் குடுத்து விடுவாவ" என்றது வாய். "நீங்க... நீங்க ஒருத்தங்கதானா, இல்ல..." "எங்களச் சேத்து நாலு குடும்பம் வச்சிருக்காரு. வரிசையா. ஒரே காம்பவுண்டு." "கடவுளே! புள்ளைங்க?" "மொத்தம் ஏழு." பேனா விழுந்த சத்தம் கேட்டது. "நாலு பேரையும் போகச் சொல்லிட்டாருங்க, எல்லாத்தையும் இடிச்சுட்டு குடோன் கட்டணுமாம்." "அம்மா, கல்யாணத்துக்கு ஏதாவது அத்தாட்சி, பதிவு, பத்திரம்...?" "இருக்குங்க. பத்து ரூபா பத்திரத்துல கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்காரு. பதினோரு மாசத்துக்கு." பதினோரு மாசம் என்கிற சொல் அந்தப் பக்கம் போய் எங்கோ இடித்தது. ஒன்று, இரண்டு, மூன்று என்று பொன்சுதா எண்ணினாள். "ஏம்மா," என்றது குரல், "நீங்க ஹவுஸ் ஓனரையா சொல்றீங்க?" அப்புறம் அந்தப் பக்கம் வெடித்த சிரிப்பு இருக்கிறதே, பக்கத்து மேசைக்கு, அதற்கடுத்த மேசைக்கு என்று தாவிப் போனது போனிலேயே கேட்டது.

பொன்சுதா இப்போது தாவணி இல்லாத குறைக்கு துப்பட்டா நுனியை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கினாள். கண்ணில் தண்ணீர் வந்தது. துடைத்தாள். காற்று வந்து மீதியைத் துடைத்தது. போதும். தீர்ந்துவிட்டது. தீர்ந்த பிறகுதான் அந்தக் குரல் சிரித்து முடித்துவிட்டுச் சொன்னதெல்லாம் நினைவுக்கு வந்தது. சட்டப்படி அவராக வெளியே தள்ள முடியாதும்மா. இடிச்சுக் கட்டணும்னாலும் கோர்ட்டுக்குப் போயி உத்தரவு வாங்கித்தான் காலி பண்ணச் சொல்லலாம். தண்ணியையும் கரண்ட்டையும் நிறுத்தக் கூடாது, நிறுத்தினா நீங்க புகார் குடுக்கலாம். வீட்டுக்குள்ள வர்றதுக்கே முன்கூட்டி எழுத்துல சொல்லணும். உங்க பேப்பரு பதிவு பண்ணலேன்னா அதுல சிக்கல் இருக்கு, அத மறைக்க மாட்டேன். பேப்பரப் பாக்காம முழுசாச் சொல்ல முடியாது, எடுத்துக்கிட்டு நேர்ல வாங்க, பொம்பளைங்களுக்கு வக்கீல் இலவசம். முதல்ல அவருகிட்ட ஒண்ணு மட்டும் கேளுங்க, எதுவானாலும் எழுத்துல குடுங்கன்னு. சாவிய மட்டும் குடுத்துராதீங்க. குடுத்தா நீங்களா காலி பண்ணினதா ஆயிரும். இத்தனையையும் பொன்சுதா நோட்டில் எழுதினாள். ராத்திரி அதை வைத்து முணுமுணுத்தபோது பரீட்சைப் பாடம் என்று அப்பா நினைத்துக்கொண்டார். எழுதியதை இருமலும் 'ங்க'வும் சேர்த்து சர்வோத்தமன் அப்பாவிடம் இரண்டு தவணையாகச் சொன்னார். அந்த அம்மாள் சொன்னபோது சட்டமாக இருந்தது தன் வாய்க்கு வந்ததும் மிமிக்ரி ஆகிவிட்டதோ? ஒரு எழுத்து பிசகியிருந்தால்? மகாராஷ்டிரா எங்காவது ஒட்டிக்கொண்டிருந்தால்? அப்பா மாடிக்குப் போய்ச் சொல்லி, நாச்சிமுத்து கடகடவென்று சிரித்து, "யாருங் பாண்டி உங்களுக்குச் சொன்னது?" என்று கேட்டால்? அப்பா முகம் அப்போது எப்படி இருக்கும் என்று பார்க்க முயன்றாள். வரவில்லை. ஊரிலுள்ள எல்லார் முகமும் வந்தது, அது மட்டும் வரவில்லை. சாவி போனால் என்ன ஆகும் என்பது மட்டும் சுலபமாக வந்தது. ஒரு மினி லாரி, அதில் பீரோ படுத்துக்கொண்டு போகும். ஊத்துக்குளி ரோட்டைத் தாண்டி எங்கோ ஒரு சிமெண்ட் சீட்டுக் கூரை வீடு. பள்ளிக்கூடத்துக்கு இரண்டு பஸ். பரீட்சை வருஷத்தில் இரண்டு பஸ் மாறியவர்களை அவளுக்குத் தெரியும். போன வருஷம் மூன்றாம் லைன் வீட்டு அக்கா தூரத்துப் பள்ளிக்கூடத்துக்கு அப்படித்தான் மாறி மாறி, படிப்பு நின்று, இப்போது பனியன் கம்பெனியில் அம்மாவுக்குப் பக்கத்து டேபிளில் செக்கிங் பண்ணுகிறாள். அம்மா இன்றைக்கும் அங்கேதான், ஞாயிறு ஓவர்டைம். போகும்போது அப்பாவிடம் ஒன்றே ஒன்று சொன்னாள். "என்ன ஆனாலும் சத்தம் போடாதீய." அப்பா சத்தம் போட்டு யார் கேட்டிருக்கிறார்கள்?

தொடைமேல் போன் நடுங்கியது. நாலாக ஆறு நிமிஷம். அவசரப்பட்டுவிட்டார். ஓட்டை வழியே பார்த்தாள். வாசலில் அப்பாவின் உச்சந்தலை, எண்ணெய் வைத்துப் படிய வாரி, வெள்ளைச் சட்டை, வேட்டி. ஒரு இருமல் இருமிப் பார்த்து எடுத்தாள்.

"வணக்கமுங்க பாண்டி. கெளம்பிட்டீங்களா?"

"கெளம்பிட்டேன் சார். நின்னுக்கிட்டுதான் இருக்கேன். கால்தான் நகர மாட்டேங்கு."

"பயப்படாதீங்க. சட்டம் உங்க பக்கமுங்க."

"சட்டமெல்லாம் மனப்பாடமாயிட்டு சார். எழுத்துல குடுங்கன்னு கேக்கணும். சாவியக் குடுக்கப்படாது. அதெல்லாம் சரிதான்." அப்பா நிறுத்தினார். உச்சந்தலை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அசைந்தது. "இன்னொரு விஷயம் சார். எங்க அம்மா செத்த அன்னைக்கு ஊருக்குப் போறதுக்கு நடுச்சாமத்துல கார் எடுத்துக் குடுத்தவரு அவரு. டிரைவர எழுப்பி விட்டு, கூடவே ஃபிளாஸ்க்குல காப்பியும் குடுத்து விட்டாரு. அந்த மனுஷன் முன்ன போயி நின்னு சட்டம் பேசினா, நன்றி கெட்ட பய ஆயிர மாட்டேனா?"

பொன்சுதாவின் நோட்டில் இதற்குப் பதில் இல்லை. பிரிவு, உட்பிரிவு எதிலும் இல்லை. அந்தக் கார் அவளுக்கு நினைவிருந்தது. பின்சீட்டில் அவள் ஏழு வயசு. காப்பியை அவள்தான் குடித்து முடித்தாள். அப்பா வழி நெடுக ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார், ஒரு தடவை கூடத் திரும்பவில்லை. சர்வோத்தமன் என்ன சொல்வார்? பௌதிக வாத்தியார் என்ன சொல்வார்? பாங்கு அம்மாள், 'தயவு செய்து காத்திருக்கவும்.' எல்லாக் குரல்களையும் தட்டிப் பார்த்தாள். ஒன்றிலும் ஆள் இல்லை.

"சார்? லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேனுங்க." எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் வந்தது. "காருக்கு நன்றி வேற, வீட்டுச் சாவி வேறங்க. நன்றிய எத்தன தடவ வேணும்னாலும் சொல்லுங்க. ஆயுசு முழுக்கச் சொல்லுங்க. அதுக்காகச் சாவிய ஏன் குடுக்கணும்? நீங்க அவரத் திட்டப் போகலியே. எழுத்துல கேக்கப் போறீங்க. கேக்கறது நன்றி கெட்ட காரியமில்லீங்க."

அப்பாவின் மூச்சு மட்டும் கேட்டது. நீளமாக உள்ளே போய், நீளமாக வெளியே வந்தது. சரி, இறங்கிவிட்டது, போய்விடுவார் என்று அவள் நினைத்த அந்த நொடியில் தெருமுனை திரும்பி ஒரு குட்டியானை வண்டி வந்தது. "வெங்காயம் வெங்காயம் வெங்காயம்! பெல்லாரி வெங்காயம்! நாசிக் வெங்காயம்! வாங்கம்மா வாங்க!" ஒலிபெருக்கி மொட்டை மாடி முழுக்க நிறைந்து வழிந்தது. அவள் போனைக் கையால் பொத்தினாள். பொத்துவதற்குள் ஒரு முழு வெங்காயம் உள்ளே போய்விட்டது.

"சார்," என்றார் அப்பா. "உங்க தெருவுலயும் வெங்காயம் வருதோ?"

"ஆமாமுங்க. கோயம்புத்தூருல... ஞாயித்துக்கெழமைன்னா இதே ரோதனைதானுங்க."

"பெல்லாரி வெங்காயமா?"

"பெல்லாரிதானுங்க."

முன்வீட்டு மாடியிலிருந்து நாச்சிமுத்துவின் மனைவி தெய்வாத்தாள் எட்டிப் பார்த்தாள். அந்த அம்மாளுக்கு ஒலிபெருக்கியே தேவையில்லை. "ஏனுங் வெங்காயம்! நில்லுங்! அழுகினதக் கட்டிப்போட்டுப் போயிட்டீங்களே போன வாரம்! வண்டிய நிறுத்துங் மொதல்ல!"

அந்தக் குரல் அப்பாவின் வலது காதில் தெருவிலிருந்தும், இடது காதில் கோயம்புத்தூரிலிருந்தும் ஒன்றாகப் போய் இறங்கியதை பொன்சுதா மேலிருந்து கண்ணால் பார்த்தாள். உச்சந்தலை அப்படியே நின்றது. அப்பா போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தார். மறுபடியும் வைத்துக்கொண்டார். மேலே நிமிர்ந்து பார்க்கவில்லை. வண்டி நின்று, தராசு சத்தம் கேட்டு, தெய்வாத்தாள் படியிறங்கி வந்து, ஒவ்வொரு வெங்காயமாக அழுத்திப் பார்க்க ஆரம்பித்த பிறகும் போன் அவர் காதிலேயே இருந்தது. திட்டுவார். போனைப் போட்டு உடைப்பார். எது வந்தாலும் சர்வோத்தமன் வாங்கிக்கொள்ளட்டும் என்று ஓடி ஒளிய இடம் தேடினாள். சர்வோத்தமன் இல்லை. தொட்டி நிழலில் அவள் மட்டும்தான் இருந்தாள்.

"சார்," என்றார் அப்பா கடைசியில். குரலில் எங்கோ அடியில் ஒன்று குலுங்கியது, சிரிப்போ என்னவோ. "நோட்ட எடுத்துக்கிட்டு கீழ எறங்கி வாங்க. ரெண்டு பேருமாப் போயிக் கேட்டுட்டு வந்துருவோம்."